உன் முகத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் தெரு

அமல், சாப்பிட்டுவிட்டு இதைப் படி. படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என்னிடம் கேட்டாய்: “எம்மா, எலெக்சன்ல செயிச்சி இத்தன நாளாச்சி. ஊரே சந்தோசமா இருக்கு. நீங்க மட்டும் ஏன் சாவு வீட்டுல இருக்க மாதிரி இருக்கீங்க?” எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை. வழியில் மூன்று பேர் உன் காலைத் தொட வந்தார்கள், நீ அவர்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டே என்னிடம் பேசினாய். அந்த இடத்தில் வைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. பயத்தை வாயால் சொன்னால் நீ சிரித்து என் தோளில் கை போடுவாய், உன் சிரிப்பைப் பார்த்ததும் நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் பார்த்திருக்கும் மாடி வீட்டுக்குக் குடிபோகிறாய். அதில் எனக்கென்று காற்றோட்டமான ஓர் அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நான் இன்னும் சொல்லவில்லை. அதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

நீ பிறந்தபோதே உவரியில் நம் தெருப் பெண்கள் எல்லாரும் உன்னைப் பார்க்க வந்தார்கள். பிள்ளை பார்க்க வருவது வழக்கம்தான், ஆனால் வந்தவர்கள் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு ஐந்து வயதில் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நீ என் கையிலிருந்து நழுவிப் போனாய். நான் கடற்கரை முழுக்க ஓடினேன். கடைசியில் நீ பந்தலுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தாய். அவர்களுக்கு முன்னால் வேறொரு குடும்பம் உன்னை வைத்திருந்ததாம், அதற்கும் முன்னால் வேறு யாரோ. “புள்ள அழவே இல்லக்கா, எங்க கூடவே வாரேன்னு சொல்லுதான்,” என்றாள் அந்தப் பெண். அவள் உன்னைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். காணாமல் போன பிள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்களே என்றுதான் தாய்மார்கள் பயப்படுவார்கள். எனக்கு அன்றைக்கு வந்த பயம் வேறு. உன்னை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நீயும் சிரித்துக்கொண்டே போய்விடுவாய் என்ற பயம்.

உன் அப்பாவுக்கு அந்த முகம் இல்லை என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த அம்மை அவர் கன்னம் முழுக்கக் குழி போட்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கில் பார்த்துவிட்டு நான் உள்ளே போய், இந்த ஆள் வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்தேன். என் அப்பா கேட்கவில்லை. கலியாணம் ஆன பிறகும் ரொம்ப நாள் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச மாட்டேன். அவரும் அதைக் கண்டுகொண்டதாகக் காட்ட மாட்டார். வலையைப் பிரித்துக்கொண்டே, குனிந்தபடிதான் என்னிடம் பேசுவார். எனக்காகத்தான் குனிந்திருந்தார் என்பதே எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூன்று வருடம் போன பிறகு ஒரு நாள், பாடம் எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, கரையில் நிற்கிற அத்தனை ஆண்களிலும் என் கண் அந்த முகத்தைத்தான் தேடுகிறது என்று தெரிந்தது. ஒரு மனிதனின் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது, அதுவும் ஒரே வீட்டில் இருந்து. உன்னைத் தெரிந்துகொள்ள இந்தச் சனத்துக்குத் தேர்தலுக்கு முன்னால் மூன்று வாரம் கொடுத்தார்கள்.

போன வருட வெள்ளத்தில் நீ செய்ததைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நாம் உவரியை விட்டு வந்து தங்கிய பேட்டையில் உன் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, நீ உன் இஞ்சின்களைப் பார்க்காமல் உவரிக்குப் போன் போட்டாய். சூசை மாமா தன் மீன்பிடி வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கால்வாய்க்கரைத் தெருவில் ஜன்னல்வரை தண்ணீர் ஏறிய வீடுகளின் கூரையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஆட்களை இறக்கினீர்கள். அந்தத் தெருவில் பீடி சுற்றும் பேச்சியம்மாளை நீ இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மார்பளவு தண்ணீரில் வந்தபோது மாடியில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் படம் எடுத்தான். ஈரத் தலைமுடி நெற்றியில் விழுந்திருக்க, நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, மேகம் கொஞ்சம் விலகி வெளிச்சம் உன் முகத்தில் மட்டும் விழுந்த அந்தப் படம். வள்ளத்தைச் சுவரில் மோதவிடாமல் தண்ணீரின் இழுப்புக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்ற சூசை மாமாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. பிறகு அதையும் வெட்டிவிட்டார்கள். படத்தில் இருந்தது பொய் இல்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிய கஷ்டமாக இருக்கிறது. பொய்யாக இருந்தால் அழித்துவிடலாம்.

அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டுக் கட்சிக்காரர்களோடு திரும்பி வந்தது. நீ என்னிடம் சொன்னாய்: “எம்மா, நானா கேட்டேன்? அவங்களாத்தான வாராங்க. கவுன்சிலரா இருந்தா நாலு காரியம் செய்யலாம்லா.” உன் மனசில் அந்த நாலு காரியம் இருந்தது, எனக்குத் தெரியும். பிறகு உன் பிரச்சாரத்தைக் கவனிக்கச் சென்னையிலிருந்து திலீப் தம்பி வந்தார். நல்ல மரியாதையான பையன், என்னை உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். “ஜனங்க நோட்டீஸ் படிக்க மாட்டாங்கம்மா. முகத்தைத்தான் படிப்பாங்க. நம்ம அண்ணன் முகத்துல எல்லாமே இருக்கு, நாம அதைக் கெடுக்காம இருந்தா போதும்,” என்றார். அதே நீலத்தில் ஒரு டஜன் சட்டைகள் தைத்து வந்தன. கிட்டத்தில் பார்க்கப் போடுகிற கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். தாடியை முழுக்க மழிக்காமல், முழுக்க வளர்க்காமல், வெள்ளத்தன்று இருந்த அளவிலேயே வைத்திருக்க ஓர் ஆள் தினமும் வந்தான். ரொம்பப் பேச வேண்டாம் என்றார்கள். என் கழுத்துச் செபமாலையைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் விட்டுக்கொண்டேன். தெருமுனையில் உன் பெரிய படத்தைக் கட்டிய அன்று அதன் முன்னால் போய் நின்றேன். பெற்ற எனக்கே கும்பிடத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எதிரே நின்ற சுடலைமுத்துவை நினைத்துப் பார். கட்டையான உருவம், பார்வை ஒரு பக்கம் போகிற கண், உதட்டை மூட விடாத பல். பேசத் தொடங்கினால் முதல் சொல் வர நேரம் எடுக்கும், வந்தால் அது பெரும்பாலும் ஏச்சாக இருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை கவுன்சிலராக இருந்தவர். சாக்கடையைத் தோண்ட வைத்ததும் அவர்தான், சாக்கடையில் குப்பை போட்ட பெண்களைத் தெருவில் நின்று அசிங்கமாகத் திட்டியதும் அவர்தான். நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் நல்லவர் என்று உனக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. ஆனால் அவர் கலியாண வீட்டில் வாய் நிறையச் சோற்றோடு இருக்கிற படத்தை உன் ஆட்கள் எடுத்து, பக்கத்தில் உன் படத்தைப் போட்டு, “யாரு வேணும்?” என்று எழுதி அனுப்பினார்கள். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “நான் போடச் சொல்லலம்மா,” என்றாய். சுடலைமுத்துவின் மகள் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உன்னோடு நானும் வீடு வீடாக வந்தேன் இல்லையா? அப்போதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. சுடலைமுத்து போன வீடுகளில் சனம் அவரை நிறுத்திவைத்துக் கேட்டார்கள். ஏன் தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை வருகிறது, ஏன் விளக்கு எரியவில்லை, போன தடவை சொன்னது என்னாயிற்று. அவர் பதிலுக்குக் கத்துவார், அவர்களும் கத்துவார்கள். அடுத்த நாள் அதே வாசலில் நீ போய் நின்றபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். குழந்தைகளைத் தூக்கி உன் கையில் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மனிதரை வாசலுக்குத் தூக்கி வந்து, “ஒருக்க தொட்டுட்டுப் போங்கய்யா,” என்றார்கள். நீ தொட்டாய். அவர் வீட்டுக்காரி அழுதாள். சாக்கடை அந்த வாசலிலும் நின்றுகொண்டுதான் இருந்தது. கேள்வி கேட்கிற சனத்துக்கு நான் பயப்பட்டதில்லை, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தவள். கேட்க ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறவர்களைக் கண்டால்தான் பயம்.

பிரச்சாரம் முடிகிற நாளன்று நீ எங்கே இருந்தாய் என்று உனக்குத் தெரியும், நான் எங்கே இருந்தேன் என்பதை நீ முழுதாகக் கேட்டதே இல்லை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று மத்தியானம் செய்தி வந்தது. கால்வாய்க்கரைத் தெரு ஆட்கள் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் நம் வீட்டுப் பின்பக்கம் நின்று கால்வாயைப் பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறமாகி, வாழைமட்டைகளையும் முள்ளையும் சுழற்றிக்கொண்டு போனது. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தச் சுழற்சி பிடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன், எல்லாரும் கிளம்பியிருப்பார்கள், வயசானவர்களுக்குக் கைகொடுக்கலாம் என்று நினைத்து. தெருவில் பாதிப் பேர் கிளம்பவே இல்லை. பேச்சியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரையால் ஒரு கால் வீங்கி, சுவரைப் பிடித்தால்தான் நடப்பாள் என்று உனக்குத் தெரியும்.

“பேச்சி, கெளம்பலையா? தண்ணி வந்துட்டு இருக்கு.”

“வரட்டும் டீச்சரம்மா. அதான் அமல் தம்பி இருக்கான்லா.”

“அவன் டவுனுக்குள்ள ஊர்வலத்துல நிக்கான். இங்கன இல்ல.”

“அன்னைக்கும் எங்கனயோதான இருந்தான்? வரலையா? நீங்க ஒங்க மவன நம்பலேன்னா வேற யாரு நம்புவா?” என்று சிரித்தாள். எதிர்வீட்டில் இரண்டு பெண்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி, அவளுடைய மாமனார், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். போன வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் கொசுக்கடியில் கிடந்தது போதும், தண்ணீர் வந்தால் தம்பி வள்ளத்தோடு வருவான் என்றார்கள். பேச்சியம்மாள் வீட்டுச் சுவரில் உன் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அவளே மாவு கிண்டி ஒட்டினாளாம். நான் உன்னைக் கூப்பிட்டேன். போனைத் திலீப் தம்பி எடுத்தார். பின்னால் மேளச் சத்தம்.

“அம்மா, தலைவர் வர்ற நேரம். அண்ணன் வண்டி மேல நிக்கிறாரு.”

“இங்க தண்ணி வருதுப்பா. ஆளுக எந்திரிக்க மாட்டேங்காக. அவன ஒரு வார்த்தை பேசச் சொல்லு. போன்ல சொன்னாக்கூடப் போதும், கெளம்பிருவாக.”

“தீயணைப்புக்குச் சொல்லிட்டோம்மா. நீங்க பதட்டப்படாதீங்க,” என்று வைத்துவிட்டார். உன்னிடம் சொன்னாரா, சொல்லவில்லையா என்று நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். எந்தப் பதில் வந்தாலும் அதைத் தாங்குவது எனக்குக் கஷ்டம்.

தண்ணீர் முதலில் வாசல்படியை நனைத்தது. பிறகு முறம் மிதந்தது. குழந்தைக்காரி அலறிய பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள், அதற்குள் தெருமுனையில் இழுப்பு அதிகமாகிவிட்டது. நான் குழந்தையை வாங்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீரில் அதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும். அப்போதுதான் சுடலைமுத்து வந்தார். தன் டயர் கடையிலிருந்து லாரி டியூப் இரண்டும் வடமும் எடுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு. வரும்போதே ஏச்சு. “ஏட்டி, செத்துத் தொலையணும்னு இருக்கியளா? மைக்குல சொன்னது காதுல விழலையா?” வடத்தை மின்கம்பத்தில் கட்டி மறுநுனியை என் கையில் கொடுத்தார். குழந்தையை டியூப்பில் வைத்துத் தள்ளினார்கள். பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். “அமல் வருவான், நீ போ வே,” என்று அவரிடமே சொன்னாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாதி வழியில் கால் எதிலோ கிழிபட்டுத் தடுமாறினார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள். நான் வடத்தை விட்டுவிடுவேனோ என்ற அந்தப் பயம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. எழுந்துவிட்டார்கள். அந்தி சாயும் முன்பு எல்லாரும் மேட்டில் இருந்தார்கள். யாரும் சாகவில்லை.

நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது ஊர்வல மழையில் நனைந்திருந்தாய். அதே நீலச் சட்டை, அதே ஈரத் தலை. உள்ளே நுழைந்ததும் அவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் உன் முகத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா ராசா, வந்துட்டியா,” என்று அழுதாள். பின்னாலிருந்து படம் எடுத்தார்கள். அந்த அறையின் மூலையில் சுடலைமுத்து காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு வேறு பக்கம் பார்த்தாய். காலையில் எல்லார் போனிலும் அந்தப் படம் வந்தது, “சொன்னபடி மறுபடியும் வந்தார்” என்று எழுதி. உன்னிடம் கேட்டேன். “எம்மா, நான் காப்பாத்துனேன்னு நான் எங்கயும் சொல்லல. எலெக்சன் முடியட்டும், நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்,” என்றாய். உன் குரலில் உண்மை இருந்தது. முடிந்தது, செயித்தாய், பிறகு ஒரு நாள் மறுபடி கேட்டேன். “இப்பச் சொன்னா சனங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்மா. பைய சொல்லிக்கிடலாம்,” என்றாய். அந்தத் தடவை உன் குரல் திலீப் தம்பியின் குரல்போல இருந்தது. நான் யாருக்கு வோட்டுப் போட்டேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

நீ சொல்லாததால் நானே சொல்லப் போனேன். தெருக்குழாயில் பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நின்றபோது, அன்றைக்கு என் மகன் வரவில்லை, சுடலைமுத்துதான் உங்களைத் தூக்கினார் என்று சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். “தாயும் மவனும் ஒண்ணு போலதான். செஞ்சத வெளிய சொல்ல மாட்டாக,” என்றாள் ஒருத்தி. நான் அந்தக் குழந்தைக்காரியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு முன்னால் சொல்ல அவளுக்கும் பயம்.

அங்கிருந்து நேராகப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஈரம் காயாத சுவரில் உன் சுவரொட்டி பாதி உரிந்து தொங்கியது, அதை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “பேச்சி, அன்னைக்கு ஒன்னத் தூக்குனது யாரு?”

“என்ன டீச்சரம்மா இப்படிக் கேக்கிய? ஒங்க மவந்தான்.”

“தோளுல போட்டுத் தூக்குனானா, கையில ஏந்துனானா?”

கன்னத்தருகே கையை வைத்துக் காட்டினாள். “கையிலதான். மூஞ்சி இங்கன கிட்டக்க இருந்துச்சி. நெத்தியில முடி கெடந்துச்சி. நாந்தான் ஒதுக்கிவிட்டேன்.”

“நடுவுல விழுந்து தண்ணி குடிச்சியே, நெனப்பு இருக்கா?”

“விழுந்தேன். அவந்தான் எடுத்தான்.”

அவள் பொய் சொல்லவில்லை, அமல். அவள் கண்ணைப் பார்த்தேன். சுடலைமுத்துவின் தோள் எலும்பு குத்திக் கன்றிய கறுப்புத் தடம் அவள் விலாவில் இன்னும் மாறவில்லை, தைலம் தேய்க்கும்போது நானே பார்த்தேன். அந்தத் தடத்தோடு உட்கார்ந்துகொண்டு, உன் முகத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறாள். அவள் உடம்பில் நடந்ததையே ஒரு படம் மாற்றி எழுதிவிட்டது. அவளை ஏமாற்றியவர் யார் என்று தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் பயம் எனக்குள் குடிவந்தது. இன்றுவரை போகவில்லை.

கடைசியாக டயர் கடைக்குப் போனேன். சுடலைமுத்து கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். உன் சார்பில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அதை நீதான் கேட்க வேண்டும். நடந்தது எனக்குத் தெரியும், நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

“விடுங்க டீச்சர்,” என்றார். “என் மூஞ்சியப் பாத்தா எனக்கே ஓட்டுப் போடத் தோணாது.” சிரித்தார். கொஞ்ச நேரம் டயரில் ஆணி தேடிக்கொண்டிருந்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்: “ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இன்னொருக்க தண்ணி வந்தா நான் போவ மாட்டேன். வேணும்னு சொல்லல. என் மவ எங்கிட்ட கேட்டா, யாருக்குப்பா போயி கால கிழிச்சுக்கிட்டீங்கன்னு. எனக்குப் பதில் தெரியல. அவுக யாரக் கூப்புடுதாகளோ அவன் வரட்டும்.” அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. கோபம் ஆறும். அவர் அலுத்துப்போய்ச் சொன்னார்.

இப்போது யோசித்துப் பார், ஐயா. கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது. கடலில் காற்று சரியில்லை என்று சூசை மாமா காலையில்தான் பேசினார். அந்தத் தெருவில் இருப்பவர்கள் இனிமேல் யார் மைக்கில் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார்கள், இரண்டு தடவை நீ வந்திருக்கிறாய் என்று நம்புகிறார்கள். உண்மையாகவே வந்தவர் இனி வர மாட்டார். நீ பாளையங்கோட்டையில் மாடியில் இருப்பாய். உன்னைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. உன்னைச் சுற்றி எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், நீயும் பதிலுக்கு அந்தப் படத்தில் இருப்பவனாக நின்று பேசப் பழகிவிட்டாய். இன்னும் கொஞ்ச நாள் போனால் அன்றைக்கு நீதான் வந்தாய் என்று நீயே நினைக்கத் தொடங்குவாய். பேச்சியம்மாளுக்கு நடந்தது உனக்கு நடக்காது என்று என்ன நிச்சயம்?

உன்னைப் பதவியை விடச் சொல்லவில்லை. நீ நல்ல காரியங்கள் செய்வாய், சாக்கடையும் சரியாகலாம். ஒன்றே ஒன்று செய். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் கால்வாய்க்கரைத் தெருவுக்கு வா. அந்த நீலச் சட்டை வேண்டாம், திலீப் தம்பியும் வேண்டாம், உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டு வா, வரமாட்டேன் என்றால் அவர் கடை வாசலில் நின்று கேள். தெரு நடுவில் நின்று, “அன்னைக்கு நான் வரல, இவுகதான் வந்தாக. இனி தண்ணி வந்தா எனக்காகக் காத்திருக்காதீங்க, எந்திரிச்சு ஓடுங்க,” என்று உன் வாயால் சொல். நான் சொன்னேன், சிரித்தார்கள். சுடலைமுத்து சொன்னால் தோற்றவன் பொறாமை என்பார்கள். அந்த முகம் சொன்னதை மாற்றிச் சொல்ல அந்த முகத்தால் மட்டும்தான் முடியும். சொன்ன பிறகு சிலர் உன்னைப் பழையபடி பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டாம். உன் அப்பாவை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, அவர் கௌரவமாகத்தான் இருந்தார்.

பாளையங்கோட்டை அறையில் என் கட்டிலைப் போட வேண்டாம். பேச்சியம்மாளுக்கு எதிர்வீடு காலியாகிவிட்டது, பேசி முடித்துவிட்டேன். நாளைக்கு என் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். உன்னைப் பயமுறுத்த இதைச் செய்கிறேன் என்று நினைக்காதே. பயம் எனக்கு இருக்கிறது, தண்ணீர் எப்படி இழுக்கும் என்று கையால் தெரிந்தவள். ஆனால் மேட்டில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, அவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பயப்படுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் நிறம் மாறினால் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். எழுந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். வராதவர்களை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அவர்கள் உன்னை நம்பி இருப்பவர்கள், நான் உன்னைப் பெற்றவள்.

நீ வந்து சொல்லும் நாள்வரைக்கும், மழை பிடித்தால், அந்தத் தெருவில் உனக்காகக் காத்திருக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

அம்மா